பாஸ்வேர்டை மாற்றினால் போதாது: ஹேக் ஆன ஜிமெயிலை மீட்பதும் காப்பதும்

மின்னஞ்சல் பறிபோன செய்தி பெரும்பாலும் வேறு யாராவது சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். "என்ன சார், ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களாமே, அவசரமாகப் பணம் கேட்டு மெயில் போட்டிருக்கிறீர்களே" என்று பழைய அலுவலக நண்பர் போன் செய்வார். அல்லது மாதாமாதம் வங்கியிலிருந்து வரும் ஸ்டேட்மென்ட் இந்த மாதம் வந்திருக்காது. அல்லது காலையில் போனை எடுத்தால் ஜிமெயில் மறுபடி உள்ளே நுழையச் சொல்லும். வழக்கமான பாஸ்வேர்டைத் தட்டினால், அது சில மணி நேரத்துக்கு முன்பே மாற்றப்பட்டுவிட்டது என்று ஒரு வரி வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய ஆபத்து. உள்ளே வந்தவர் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. நீங்கள் விழித்துக்கொள்வீர்கள், பாஸ்வேர்டை மாற்றுவீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் உங்கள் கடிதங்கள் தன் கைக்கு வரும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவார். அந்த ஏற்பாடுகளைத் தேடி எடுப்பதுதான் உண்மையான மீட்பு. இந்த அத்தியாயத்தில் அதிக இடம் பிடிப்பதும் அதுதான்.

உதாரணத்துக்கு ஜிமெயிலை எடுத்துக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் அநேகமாக எல்லோரிடமும் அது இருக்கிறது. அவுட்லுக், யாகூ வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். பொத்தான்களின் பெயரும் இடமும் மாறும்.

மின்னஞ்சலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வருமானவரித் தளம், ரயில் டிக்கெட், ஆன்லைன் கடை என எங்கே பாஸ்வேர்டு மறந்தாலும், அதை மாற்றுவதற்கான இணைப்பு உங்கள் மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் ஒருவர் கையில் இருந்தால் மற்றவற்றுக்கு அவர் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

கை வைப்பதற்கு முன்

எந்தக் கருவியில் உட்கார்ந்து இதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். சமீபத்தில் கிராக் செய்த மென்பொருள் ஏதாவது ஏற்றிய கம்ப்யூட்டரிலோ, தெரியாத இணைப்பைத் திறந்த லேப்டாப்பிலோ புதிய பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்தால், அதில் ஒளிந்திருக்கும் திருட்டு மென்பொருள் புதியதையும் எடுத்துக் கொடுத்துவிடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் போனிலிருந்து தொடங்குங்கள். கம்ப்யூட்டரை முழுதாக ஸ்கேன் செய்து, தேவைப்பட்டால் விண்டோஸையே புதிதாகப் போட்ட பிறகுதான் அதில் மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

அடுத்தது, எச்சரிக்கை மெயில். "உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயன்றார்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று ஒரு மெயிலும் அதன் கீழே ஒரு பொத்தானும் வந்தால், அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். செய்தி உண்மையானதாகவே இருக்கட்டும், பொத்தான் வேண்டாம்.

ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் பறிபோனது இப்படித்தான். 2016 மார்ச் 19 அன்று கூகுள் அனுப்பியது போலவே ஒரு மெயில் அவருக்கு வந்தது. உக்ரைனிலிருந்து யாரோ உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு நுழையப் பார்த்தார்கள், நாங்கள் தடுத்துவிட்டோம், உடனே மாற்றுங்கள் என்றது. கீழே ஒரு பொத்தான், அதற்குப் பின்னால் சுருக்கப்பட்ட ஓர் இணைப்பு. அவருடைய அலுவலகம் சும்மா இருந்துவிடவில்லை, பிரசாரக் குழுவின் கணினி உதவியாளரிடம் கேட்டது. அவர் 'இது முறையான மெயில்தான்' என்று எழுதிவிட்டார். 'முறையற்றது' என்று எழுத நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். கூகுளின் உண்மையான முகவரியையும் அதே பதிலில் தந்திருந்தார். ஆனால் அழுத்தப்பட்டது முதல் மெயிலில் இருந்த பொத்தான். ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான கடிதங்கள் ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் கைக்குப் போயின. அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸ் அவற்றை வெளியிட்டது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது நடைமுறை சார்ந்தது. மெயில் உண்மையா பொய்யா என்று ஆராய்வதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அனுபவமுள்ளவர்களே அதில் தடுமாறியிருக்கிறார்கள். மெயிலை மூடிவிட்டு, போனின் செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குப் போய், உங்கள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அது அங்கேயும் இருக்கும்.

உள்ளே போகவே முடியவில்லை என்றால்

கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம் ஒன்றுதான் வழி. லாகின் பக்கத்தில் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' என்பதைத் தொட்டாலே அங்கே போய்விடலாம். இலவச ஜிமெயிலுக்கு, போன் செய்தால் ஒருவர் எடுத்துப் பேசி கணக்கை மீட்டுத் தரும் சேவை எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் 'ஜிமெயில் கஸ்டமர் கேர்' என்று எண்கள் வரும். எந்த எண்ணையும் கூப்பிடாதீர்கள். கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் வருகிறவர்களும் அப்படியே. முன்பணம் கேட்பார்கள், பிறகு ஓடிபி கேட்பார்கள், கடைசியில் திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். ஏற்கெனவே இழந்து நிற்பவரிடம் இரண்டாவது முறையாகத் திருடும் வேலை இது. இதில் மாட்டிக்கொள்பவர்கள் பதற்றத்தில் இருப்பவர்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

மீட்புப் பக்கம் கேள்வி கேட்கும். நீங்கள் சொல்லும் பதிலை மட்டும் அது பார்ப்பதில்லை; எங்கிருந்து, எந்தக் கருவியில் கேட்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. அதனால் வழக்கமாக மெயில் பார்க்கும் அதே போன், அதே பிரவுசர், வீட்டிலோ அலுவலகத்திலோ வழக்கமாகப் பயன்படுத்தும் அதே வைஃபை என்று அமைத்துக்கொண்டு முயலுங்கள். நண்பரின் புது லேப்டாப்பில், வெளியூர் லாட்ஜில் உட்கார்ந்து முயன்றால், கணக்கின் உரிமையாளரான உங்களையே அந்தப் பக்கம் சந்தேகப்படும்.

நினைவிலுள்ள கடைசி பாஸ்வேர்டைக் கேட்கும்போது, திருடர் மாற்றியது உங்களுக்குத் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் முன்பு வைத்திருந்த பழைய பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு. எந்தக் கேள்வியையும் வெறுமனே தாண்டிப் போக வேண்டாம். உறுதியாகத் தெரியாவிட்டாலும் உங்களுக்குச் சரியென்று படுவதைச் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான அவகாசம் இருக்கிறது. திருடர் உங்கள் ரெக்கவரி போன் எண்ணையோ மெயிலையோ மாற்றிவிட்டாலும், மாற்றிய நாளிலிருந்து 7 நாள் வரை பழைய எண்ணுக்கோ முகவரிக்கோ குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் தரக்கூடும். அதனால்தான் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

எல்லாம் சரியாகச் சொன்ன பிறகும் சில மணி நேரமோ சில நாளோ காத்திருக்கச் சொல்லலாம். அந்த இடைவெளி உங்களுக்குத் தொந்தரவுதான். ஆனால் உங்கள் பெயரில் வேறொருவர் மீட்க முயன்றால் உங்களுக்குத் தகவல் போய்ச் சேர்வதற்காக வைத்தது அது. அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த மெயில் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். அங்கே கணினிப் பிரிவில் இருக்கும் அட்மின் உடனே நிறுத்தி, புதிய பாஸ்வேர்டு போட்டுத் தருவார். வெட்கப்படாமல் உடனே சொல்லிவிடுங்கள்.

உள்ளே வந்த பிறகு தேட வேண்டியவை

நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்துகொள்ளுங்கள். இப்போது பார்க்கப்போகும் இடங்களில் பல, போன் செயலியில் கண்ணுக்கே தெரியாது. பாதுகாப்பான கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் போனின் குரோமில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்து முயலலாம்.

வலது மேல் மூலையில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டு, எல்லா செட்டிங்ஸையும் காட்டச் சொல்லுங்கள். 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' என்ற பக்கத்துக்கு முதலில் போங்கள். நீங்கள் ஃபில்டரே போட்டதில்லை என்றால் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். திருடர் போட்ட ஃபில்டர் சாதுவாகத்தான் இருக்கும்: ஒரே ஒரு வரி. உங்கள் வங்கியின் மெயில் முகவரி அல்லது 'செக்யூரிட்டி அலர்ட்' என்ற சொல் வரும் கடிதங்கள் அனைத்தும் இன்பாக்ஸைத் தவிர்க்கட்டும், படித்ததாகக் குறிக்கப்படட்டும், நேரே குப்பைக்குப் போகட்டும். அவ்வளவுதான். அவர் உங்கள் கணக்கில் என்ன செய்தாலும் எச்சரிக்கை உங்கள் கண்ணில் படாது. வங்கி ஸ்டேட்மென்ட் வராமல் போனதற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம்.

உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு புகார் கொடுக்கும்போது அது சான்று. படம் எடுத்த பின் அழித்துவிடுங்கள்.

அதே வரிசையில் 'ஃபார்வர்டிங் அண்ட் பாப், ஐமேப்' என்ற பக்கம். உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் வேறொரு முகவரிக்குப் போகும்படி இங்கே ஒரு வரி போட்டுவிட முடியும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்த வரி அப்படியே இருக்கும். திருடர் உங்கள் கணக்குக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை, கடிதம் அவரைத் தேடிப் போகும். புதிதாக ஃபார்வர்டு போட்டால் முதல் வாரத்தில் ஜிமெயிலே இன்பாக்ஸின் மேல் ஓர் அறிவிப்பு காட்டும். போனிலேயே மெயில் பார்ப்பவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள். பாப், ஐமேப் இரண்டும் வெளிச் செயலி மூலம் மெயிலை இறக்கும் வழிகள். பாப் வழியை நீங்கள் பயன்படுத்தாமலே அது திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

'அக்கவுன்ட்ஸ்' பக்கத்தில் மூன்று இடம் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கைக் கையாள வேறு யாருக்கேனும் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. 'சென்ட் மெயில் ஆஸ்' பகுதியில் உங்களுக்குத் தெரியாத முகவரி இருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்றாவது, பலரும் பார்க்காமல் விடுவது: உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'எடிட் இன்ஃபோ' என்பதைத் திறந்தால் 'ரிப்ளை டு' முகவரி இருக்கும். அங்கே உங்கள் முகவரி போலவே, ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியை வைத்துவிட்டால், நீங்கள் அனுப்பும் கடிதங்களுக்கு வரும் பதில்கள் அந்த ஆளுக்குப் போகும்.

சிறு வியாபாரிகளுக்கு இதில்தான் பெரிய அடி விழுகிறது. திருடர் வாரக்கணக்கில் எதையும் தொடாமல் கடிதங்களைப் படித்துக்கொண்டே இருப்பார். யாருக்கு எவ்வளவு பாக்கி, இன்வாய்ஸ் எப்போது போகும், வாடிக்கையாளரை எப்படி விளித்து எழுதுவீர்கள் என்றெல்லாம் தெரிந்துகொண்டபின், உங்கள் நடையிலேயே ஒரு மெயில் போகும்: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புது எண்ணில் போட்டுவிடுங்கள் என்று. திருப்பூரிலோ கரூரிலோ ஏற்றுமதி செய்கிறவர் தன் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு: எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் நாங்கள் போனில் சொல்வோம், மெயிலில் வந்தால் நம்பாதீர்கள்.

இனி கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கம். 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் உங்களுடையது அல்லாத போன், கம்ப்யூட்டர் எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றியதும் எல்லாக் கருவிகளும் தானாக வெளியேறிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலானவை வெளியேறும், எல்லாமும் இல்லை. நீங்கள் முன்பு அனுமதி கொடுத்த சில வெளிச் செயலிகள் பாஸ்வேர்டு மாறிய பின்னும் தொடர முடியும். ஆகவே மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியலையும் திறந்து, பெயர் தெரியாததை எல்லாம் நீக்குங்கள். ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில், இருபடிச் சரிபார்ப்பில் (அதைப் பற்றிப் பின்னால் வருகிறது) சேர்க்கப்பட்ட எண்கள், பாஸ்கீகள், குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி ஒவ்வொன்றும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். போன் கையில் இல்லாதபோது நுழைவதற்கான பழைய பேக்கப் குறியீடுகள் இருந்தால் புதிதாக உருவாக்குங்கள். பழையவை செல்லாமல் போகும்.

குரோமில் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பழக்கம் இருந்தால், கூகுள் கணக்கில் நுழைந்தவருக்கு அந்தப் பட்டியலும் கிடைத்திருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வங்கி, வணிகத் தளங்களின் பாஸ்வேர்டை எல்லாம் மாற்றியாக வேண்டும். சலிப்பான வேலைதான். பணம் சம்பந்தப்பட்டவற்றை முதல் நாளே முடித்துவிட்டு மற்றதை அடுத்தடுத்த நாட்களில் செய்யலாம். கூகுள் டிரைவில் ஆதார், பான் நகல்கள் இருந்தனவா என்றும் யோசித்துப் பாருங்கள்.

குப்பைத் தொட்டியைக் காலி செய்வதற்கு முன் ஒருமுறை புரட்டுங்கள். அழித்த மெயில் 30 நாள் அங்கே கிடக்கும். 'பாஸ்வேர்டு ரீசெட்' என்று தேடினால், திருடர் வேறு எந்தெந்தக் கணக்குகளைத் திறக்கப் பார்த்தார் என்பது தெரிந்துவிடும். அவற்றையும் இதே கையோடு பூட்டுங்கள்.

மனிதர்களிடம் சொல்வது, காவல்துறையிடம் சொல்வது

தொடர்பில் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக, வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். "அண்ணா, என் ஜிமெயிலை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. நேத்து ராத்திரியிலிருந்து என் பேர்ல வந்த மெயிலை நம்பாதீங்க, அதுல இருக்கிற லிங்க்கைத் தொடாதீங்க. பணம் கேட்டு வந்திருந்தா அனுப்பாதீங்க. சந்தேகம்னா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க." இவ்வளவு போதும். வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் போன் செய்தே சொல்லிவிடுங்கள். நாம் கஷ்டத்தில் இருக்கிறோம் என்று நினைத்து முதலில் பணம் அனுப்பக்கூடியவர்கள் அவர்கள்தான்.

யாராவது பணம் அனுப்பியிருந்தால், அல்லது உங்கள் கணக்கிலிருந்தே பணம் போயிருந்தால், தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே கூப்பிட வேண்டும். போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் பலன் என்பதால் இங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பணம் போகாவிட்டாலும் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்தில் புகார் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். பிறர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உள்ள குற்றம். உங்களைப் போல் நடித்துப் பிறரை ஏமாற்றியதற்கு 66டி. முன்பு எடுத்து வைத்த படங்கள், திருடரின் ஃபார்வர்டு முகவரி, ஜிமெயிலின் 'லாஸ்ட் அக்கவுன்ட் ஆக்டிவிட்டி' பட்டியலில் தெரியும் ஐபி எண்கள் மூன்றையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் இன்பாக்ஸின் வலது கீழ் மூலையில் 'டீடெய்ல்ஸ்' என்ற சிறு எழுத்தில் ஒளிந்திருக்கும்.

குற்றவாளி கிடைப்பாரா என்பது வேறு விஷயம். உங்கள் பெயரில் நாளை ஒரு மோசடி நடந்து, விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், இன்ன தேதியில் புகார் கொடுத்திருக்கிறேன் என்று காட்ட அந்தப் புகாரின் ரசீது இருக்கும்.

எந்த வழியாக வந்தார்கள்

இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் அதே வழியில் மறுபடி வருவார்கள். நம் ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது பிரவுசிங் சென்டரை. பிளஸ் டூ முடித்து கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, டிஎன்பிஎஸ்சிக்குப் பதிந்தபோது, பாஸ்போர்ட் எடுத்தபோது, கடைக்கார அண்ணன்தான் மெயில் ஐடி உருவாக்கித் தந்திருப்பார். பெயரும் 123-ம் சேர்ந்த பாஸ்வேர்டு, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார். அவசரத்துக்கு ரெக்கவரி எண்ணாகத் தன் எண்ணையே போட்டிருப்பார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த எண் நாளை யார் கையில் இருக்கும், அந்தக் கம்ப்யூட்டரில் அடுத்து யார் உட்காருவார் என்பதை அவராலும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் யாருடைய மெயில் ஐடியாவது கடையில் பிறந்தது என்றால், இன்று மாலையே அதன் ரெக்கவரி எண்ணைத் திறந்து பாருங்கள்.

அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறப்பதும் இதே வகை. வெளியேற மறந்தால், உங்கள் போனில் 'யுவர் டிவைசஸ்' பக்கத்துக்குப் போய் அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம். ஆனால் திறக்காமலே இருப்பது நல்லது. அச்செடுக்க வேண்டிய கோப்பை மட்டும் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அடையாள ஆவணம் என்றால் அச்செடுத்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த காரணம், ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் போடுவது. 2013-இல் யாகூவிலிருந்து 300 கோடிக் கணக்குகளின் விவரம் திருடப்பட்டது. அது முழு அளவில் வெளியே தெரிந்தது 2017-இல்தான். இப்படிக் கசிந்த பட்டியல்களை வாங்கி, அதே மெயிலையும் பாஸ்வேர்டையும் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கும் வேலையை நிரல்கள் செய்கின்றன. உங்கள் முகவரி எந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க, டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளம் உதவும். அங்கே மெயில் முகவரி மட்டும் கொடுத்தால் போதும்.

பாதுகாப்புக் கேள்விகள் இன்னொரு பலவீனம். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பாலினின் யாகூ மெயிலைத் திறந்த மாணவர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியவற்றை இணையத்தில் தேடியே கண்டுபிடித்தார். அம்மாவின் ஊர், முதல் பள்ளி என்றெல்லாம் கேட்கும் தளங்களில் உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சம்பந்தமில்லாத பதில் ஒன்றைப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கை இன்னொன்றோடு கோத்து வைப்பதன் ஆபத்து, வயர்ட் இதழின் மேட் ஹோனனுக்கு 2012 ஆகஸ்டில் நடந்ததில் தெரிந்தது. திருடர்கள் அமேசானுக்குப் போன் செய்து அவருடைய கார்டின் கடைசி 4 எண்களைப் பெற்றார்கள். அந்த 4 எண்களை வைத்து ஆப்பிள் கணக்கைத் திறந்தார்கள். ஜிமெயிலின் ரெக்கவரி முகவரி அந்த ஆப்பிள் கணக்குதான். ஒரு மணி நேரத்துக்குள் ஜிமெயில் போயிற்று. போன், ஐபேட், மடிக்கணினி மூன்றும் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன, மகளின் குழந்தைப் பருவப் படங்களோடு சேர்த்து. ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பு வைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று அவரே எழுதினார்.

இனி நுழையாமலிருக்க

இருபடிச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தாலும் இரண்டாவது ஒன்று இல்லாமல் நுழைய முடியாத ஏற்பாடு அது. 2021-இல் தொடங்கி 15 கோடிக்கும் அதிகமான பயனர்களுக்கு கூகுள் அதைத் தானாகவே போட்டுவிட்டது. அவர்களில் கணக்கு பறிபோவது பாதியாகக் குறைந்தது. எந்த வகை நல்லது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் குறியீடு, போலி மெயில் காட்டி ஏமாற்றும் ஃபிஷிங் பரவலாக வீசப்படும்போது அதை 96 சதவீதமும், ஒருவரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதலை 76 சதவீதமும் தடுத்தது. போன் திரையில் 'நீங்கள்தானா?' என்று கேட்கும் முறை அதே இரண்டையும் முறையே 99, 90 சதவீதம் தடுத்தது. யுஎஸ்பி போலச் செருகும் செக்யூரிட்டி கீ எல்லாவற்றையும் தடுத்தது.

எல்லோரும் செக்யூரிட்டி கீ வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். பத்திரிகையாளர், வழக்கறிஞர், ஏற்றுமதியாளர், பெரிய யூடியூப் சேனல் நடத்துபவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு பாஸ்கீ போதும். உங்கள் போனின் கைரேகையோ முகமோ கொண்டு நுழையும் முறை அது. போலித் தளத்தில் வேலை செய்யாது, அதுதான் அதன் பலம். எஸ்எம்எஸ் மட்டும்தான் முடியும் என்றால் எஸ்எம்எஸ்ஸாவது வையுங்கள். ஆனால் அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண், 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். போனில் காரணமே இல்லாமல் சிக்னல் போய் நீண்ட நேரம் வராவிட்டால், உங்கள் பெயரில் வேறு சிம் எடுக்கப்பட்டதா என்று நிறுவனத்திடம் உடனே கேளுங்கள்.

இருபடியும் தடுக்காத ஒரு வழி உண்டு. 2023 மார்ச்சில் லினஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனபோது, ஊழியர் ஒருவர் விளம்பர ஒப்பந்தம் என்று வந்த பிடிஎஃப் போலத் தெரிந்த கோப்பைத் திறந்திருந்தார். அது பிரவுசரில் இருந்த உள்நுழைவுக் குக்கீயை, அதாவது ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளத்தை, திருடிக்கொண்டது. குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். இதற்கு மருந்து கணக்கின் செட்டிங்ஸில் இல்லை; எதை இறக்குகிறோம், எதைத் திறக்கிறோம் என்பதில் இருக்கிறது. கிராக் மென்பொருளை இந்தக் காரணத்துக்காகவே விட்டுவிட வேண்டும்.

இருபடி போட்டதும் கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளை வெள்ளைத்தாளில் எழுதி, பத்திரமும் பாஸ்புக்கும் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். போனில் படமாக வைக்காதீர்கள். போன் தொலையும் அன்றுதான் அவை தேவைப்படும்.

கடைசியாக, உங்கள் ரெக்கவரி மெயில். பத்து ஆண்டுக்கு முன் வைத்த யாகூ முகவரியோ, வேலையை விட்டு வந்த அலுவலகத்தின் முகவரியோ அங்கே இன்னும் இருக்கலாம். 2 ஆண்டு நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடக்கூடும். யாகூ 2013-இல் பயன்படுத்தாத பெயர்களை வேறு ஆட்களுக்கே கொடுத்தது. அந்தப் பழைய முகவரிக்குள் இன்று நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் அதற்கும் புது பாஸ்வேர்டும் இருபடியும் போடுங்கள். முடியாவிட்டால் ரெக்கவரி பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியை அவரிடம் சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.